பிரட்டுக் களத்தில் சொன்ன வயது

தோட்டத்து ஆள் ஒருவர் உங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வயதைச் சொன்னால், அதைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை அப்புறம் எடுக்கலாம். முப்பத்திரண்டு வருடம் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் சொல்கிறேன். கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்.

இளைய உத்தியோகத்தர்களான நீங்கள் உங்கள் பயிற்சி நாளுக்கு என்னை அழைத்து, "மிஸ், உங்க சேவையில ஒரு வெற்றிக் கதை சொல்லுங்க" என்றீர்கள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்து, நீங்கள் தந்த கேக்கையும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மேலேயே எனக்குக் கோபம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இது நான் செய்த ஒரு தவறைப் பற்றியது. ஆனாலும் உன் வேலைக் காலத்தில் எதை நினைத்து நெஞ்சை நிமிர்த்துகிறாய் என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

நான் கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் வெட்டினவர்கள். பிரதேச செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே நான் ஒருத்திதான் தமிழ். சிங்களத்தில் அலுவலகத்தில் யாருக்கும் நான் சளைத்தவள் இல்லை. தோட்டத்துப் பக்கம் போனால் எந்த லயத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதும் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கொஞ்சம் தலைக்கனமாகத்தான் திரிந்தேன். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

முதியோர் கொடுப்பனவின் விதி உங்களுக்குத் தெரியும். எழுபது வயது ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் குறைவாக இருக்க வேண்டும். தொகை எத்தனையோ தடவை மாறிவிட்டது, இனியும் மாறும். தொகை உயரும்போதெல்லாம் வாசலில் கூட்டம் கூடும். அந்த எழுபது மட்டும் அசையாமல் நிற்கிறது. தோட்டத்தில் அறுபதோடு செக்ரோலிலிருந்து, அதாவது சம்பளப் பதிவேட்டிலிருந்து, பெயரை வெட்டிவிடுவார்கள். சேமலாப நிதி ஒரே தடவையாகக் கைக்கு வரும். மகளின் கல்யாணத்திலோ கூரைத் தகரத்திலோ அது கரைந்துவிடும். அதற்குப் பிறகு எழுபது வரைக்கும் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தை எங்கள் ஆட்கள் கைக்காசு வேலையில் ஓட்டுகிறார்கள். பெயர் பதியாமல், வேலை செய்த நாளுக்கு மட்டும் சம்பளம். எழுபது என்று கோடு போட்டவர்கள், விடியற்காலையில் வழுக்கும் மலையில் ஏறி மரத்தில் பால் வெட்டினவர்களின் முழங்காலைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. ஆனால் கோடு போடுவது நம் வேலை இல்லை. ஒருவர் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சரியாகச் சொல்வதுதான் நம் வேலை.

அதுதான் கஷ்டம். எங்கள் பெரியவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அடையாள அட்டை எடுத்த காலத்தில், முகத்தைப் பார்த்து யாரோ ஒரு கிளாக்கர் போட்ட வருடம்தான் பிறந்த வருடம். புதிதாக வேலைக்கு வந்தபோது ஒரு தாத்தாவிடம் வயது கேட்டேன். அவர் மடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டி, "இதுல என்னா போட்டிருக்கோ அதாங்க. நமக்கென்ன தெரியும், நம்ம பொறந்தப்ப நம்மள யாரு கேட்டா?" என்றார். அன்றிலிருந்து நான் வயதைக் கேட்பதை விட்டுவிட்டேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் யாரோடு கிடந்தீர்கள், யாரோடு பேர் பதிந்தீர்கள், உங்களுக்கு முதலில் கல்யாணம் ஆனதா அவளுக்கா என்று கேட்பேன். கிறிஸ்தவர்கள் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப் போவேன். அதை ஆதாரமாக வைத்து உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்துவிடலாம். இப்படி ஒரே தோட்டத்தில் இருபது பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மாவட்டக் கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள்.

அந்த இருபதில் ஒருவர் சவரியம்மா.

கித்துல்கல பஸ்ஸில் போய், பாலத்தடியில் இறங்கி, முக்கால் மணி நேரம் ஏறினால் தோட்டத்தில் அவர் இருந்த பிரிவு, டிவிசன் என்போம், வரும். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. அறுபதுக்குப் பிறகும் கைக்காசுக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான, நேரான உடம்பு. பேச்சும் அப்படித்தான், நேராக வரும். அடையாள அட்டையின்படி அவருக்கு அறுபத்தைந்து.

"அது தப்பு மிஸ். எங்கம்மா சொன்ன கணக்குல பாத்தா இன்னும் ஒரு ரெண்டு வருசம் கூட இருக்கும்" என்றார்.

நான் கோயிலுக்குப் போனேன். பங்குச் சுவாமி பெரிய பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். சவரியம்மா, தகப்பன் பெயர் சரி, தாயின் பெயர் சரி, டிவிசனும் சரி. அந்தக் கணக்கின்படி அவருக்கு எழுபத்தொன்று. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே மலையேறிப் போய்ச் சொன்னேன்.

"எழுவத்தொண்ணா? அவ்ளோவா மிஸ்?"

"பொஸ்தகத்தில இருக்கு அக்கா. சுவாமி கையெழுத்துப் போட்ட பொஸ்தகம். உங்க வயச நீங்களே கொறச்சுச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார். பிறகு, "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கொடுப்பனவு கிடைத்தது. அது கிடைத்த வாரமே அவர் கைக்காசு வேலையை விட்டுவிட்டார். எழுபது தாண்டியவள் இன்னும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, இளவயதுக்காரிகளுக்கு விட வேண்டும் என்று அவரே பீல்ட் ஐயாவிடம், அதாவது அந்த டிவிசனின் வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம், சொல்லியிருக்கிறார். இதைக் கேள்விப்பட்டு நான் பெருமைப்பட்டேன். என் கையெழுத்தால் ஒரு பெண் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு வருடம் போனது. வேறொருவரின் காணி விஷயமாக, அவருடைய அண்ணன் இறந்த நாளைத் தேடி மறுபடியும் அதே கோயிலுக்குப் போனேன். ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில், அடக்கப் பதிவேடு இருந்தது. அதைப் புரட்டிக்கொண்டு போகும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. சவரியம்மா. வயது இரண்டு. வயிற்றுப்போக்கு. தகப்பன் பெயர், தாயின் பெயர், டிவிசன் எல்லாம் அதே.

அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். சுவாமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, நான் முன்பு கண்டுபிடித்த வரியிலிருந்து கீழே கீழே பார்த்துக்கொண்டே போனேன். நான்கு வருடம் தள்ளி இன்னொரு சவரியம்மா இருந்தார். அதே பெற்றோர். மலையில் இருக்கிறவர் இந்த இரண்டாவது ஆள்தான். நான் மனுப் போட்ட அன்று அவருக்கு வயது அறுபத்தேழு. அட்டையில் இருந்ததைவிட இரண்டு வருடம் கூட. அவர் சொன்ன கணக்கு அப்படியே சரி.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏன் தெரியுமா? செத்துப்போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் லயத்துக்குப் புதிது இல்லை. எங்கள் வீட்டிலேயே என் தம்பிக்கு, அவனுக்கு முன்னால் பிறந்து இறந்துபோன அண்ணனின் பெயர்தான். போன பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்று வைப்பார்கள். வைத்த பிறகு முதல் பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பேசினால் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா வாயைப் பொத்துவார். கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் யாராவது இந்தத் தவறைச் செய்திருந்தால் அவருக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். நான் லயத்துக்காரி. பிறந்தவர்களின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இறந்தவர்களின் புத்தகத்தைத் திறக்காமல் வந்தேன். கை தட்டல் கேட்கிற அவசரம், வேறொன்றும் இல்லை.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற ஏழெட்டு மாதம்தான் இருந்தது. பிள்ளைகளே, விசாரணை ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது ஓய்வுபெற்றால் பென்ஷன் எங்கே போய் நிற்கும் என்று அலுவலகத்தில் பழைய ஆட்களைக் கேளுங்கள். நான் இருபது பேருக்கு வயதுக் காசு வாங்கிக் கொடுத்தவள். என் காசைப் பற்றிய பயம் வந்ததும் ராத்திரித் தூக்கம் போய்விட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்கு வருமா வராதா என்று ஒரு வாரம் படுகிற இந்தப் பாட்டைத்தானே அந்த மலையில் எல்லோரும் பத்து வருடம் படுகிறார்கள்?

திங்கட்கிழமை காலையில் பிரதேச செயலாளரின் அறைக்குப் போனேன். மெடம் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். சிங்களப் பெண்மணி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், குரலை உயர்த்தாதவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, "அடுத்த மாதம் கணக்காய்வுக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் போகும் வரை பொறுக்க முடியாதா?" என்று கேட்டார்.

"முடியாது மெடம். இதே பதிவேட்டை வைத்து இன்னும் பத்தொன்பது பேருக்கு எடுத்திருக்கிறேன். இந்த ஒன்றை அவர்கள் கண்டுபிடித்தால், பத்தொன்பதையும் பொய் என்றுதான் நினைப்பார்கள். நாமே சொன்னால் இது ஒன்று மட்டும்தான் தவறு."

"உங்கள் பென்ஷன்?"

"தாமதிக்கும்."

அவர் கோப்பை மறுபடி திறந்தார். பிறகு எழுத்தில் தரும்படி சொன்னார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார்: விசாரணை முடியும் வரை தோட்டத்துக்குப் போய் யாரிடமும் எதுவும் பேசக் கூடாது. அது நியாயமான கட்டளைதான். நானும் அடங்கிப் போனேன். என் இரண்டாவது தவறு அது.

நான் பேசாமல் இருந்ததால் மற்றவர்கள் பேசினார்கள். அடுத்த மாதம் சவரியம்மா காசு எடுக்கத் தபால் கந்தோருக்குப் போயிருக்கிறார். பணம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று மட்டும் அங்கே சொன்னார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது. வரிசையில் நின்ற யாரோ, கோயிலில் மிஸ் இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்ல, இன்னொருவர் கூட்டிக் கழித்துப் பார்க்க, மலையேறும்போதே கதை முடிந்துவிட்டது. செத்த அக்காவின் பேரில் காசு வாங்கித் தின்றவள். அதுதான் லயத்தில் அவருக்குக் கிடைத்த பெயர். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் இல்லாமல் போயிருக்கிறது.

அவர் அலுவலகத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தார். பொதுமக்கள் நாள், ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். என் மேசைக்கு முன்னால் கதிரை இருந்தும் அவர் உட்காரவில்லை.

"மிஸ், நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேனா?"

"இல்ல அக்கா."

"எழுவத்தொண்ணுன்னு நான் சொன்னேனா?"

"நான்தான் சொன்னேன்."

"அவ்ளோவான்னு கேட்டேன்ல? கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"காசு போனா போகட்டும். எனக்குக் கையி இருக்கு. ஆனா எங்கக்காவ வித்துத் தின்னவன்னு என்னையச் சொல்றாங்க மிஸ். அவ மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. அவ பேர இத்தன வருசம் தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன், ஒரு நா கெட்ட பேரு வாங்கிக் குடுத்ததில்ல. நீங்க வந்து எங்க பிரட்டுல சொல்லணும். எல்லாரு முன்னுக்கும் சொல்லணும்."

பிரட்டு என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கிற இடம். அங்கே சொன்னது தோட்டம் முழுக்கச் சொன்னது மாதிரி. அதற்கு மேல் கச்சேரி, நீதிமன்றம் எதுவும் கிடையாது.

நான் பதில் சொல்வதற்குள் மெடம் தன் அறை வாசலில் வந்து நின்றார். சவரியம்மா அவர் பக்கம் திரும்பி, நான் பேசுவதைவிட அழகான சிங்களத்தில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அரசாங்க உத்தியோகத்தர் விசாரணை நடக்கும்போது வெளியே போய்த் தவறை ஒப்புக்கொண்டால் அதுவே இன்னொரு குற்றம். மெடத்துக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

மெடம் என்னைப் பார்த்து, "உங்களுக்கு நாளைக்கு லீவ் வேண்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டும் மெடம்."

"சொந்த விஷயமா?"

"ஆமாம், சொந்த விஷயம்தான்."

அவர் படிவத்தைக்கூடக் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார். அந்த மாதிரி மேலதிகாரி கிடைத்தால் காலில் விழுந்து கும்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் மேசைக்கு ஒரு நாளும் அரைகுறைக் கோப்பை அனுப்பாதீர்கள், அது போதும்.

சவரியம்மா போகுமுன் அவருடைய சரியான வயதைக் குறித்துக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்து, "ஏன் பென்சில்ல எழுதுறீங்க?" என்றார். "இன்னொரு தடவ ரெண்டு பொஸ்தகத்தையும் பாத்துட்டுப் பேனாவில எழுதுறேன் அக்கா" என்றேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பிரட்டுக் களத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் கத்தியுமாக நின்றார்கள். பாதிப் பேர் தமிழ், மீதி கீழே கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற சிங்களவர்கள். பீல்ட் ஐயாவிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். கூட்டங்களில் எத்தனையோ மேடை ஏறியவள் நான். அன்றைக்குக் குரல் நடுங்கியது. சவரியம்மா கடைசி வரிசையில், ஞாயிற்றுக்கிழமைச் சேலையிலேயே, தனியாக நின்றார்.

இரண்டு புத்தகத்தையும் பற்றிச் சொன்னேன். ஒன்றை மட்டும் பார்த்தேன் என்று சொன்னேன். "இவங்க என்கிட்ட ரெண்டு வருசந்தான் கூடன்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. எழுபத்தொண்ணுன்னு சொன்னது நான். கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னோடது, இவங்களோடது இல்ல." பிறகு அதையே சிங்களத்தில் சொன்னேன். "வெரெத்த மகே", தப்பு என்னோடது, என்று முடித்தபோது முன்வரிசையில் நின்ற சிங்களப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் இறங்கிப் போகலாமா என்று யோசித்த நேரத்தில், அந்தோணி என்ற பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் பட்டியலில் இருந்த பத்தொன்பது பேரில் ஒருவர். பேரனுக்குச் சோற்றுப் பெட்டி கொடுக்க வந்தவர்.

"மிஸ், எனக்கு முந்தி ஒரு அந்தோணி இருந்தான்னு எங்கத்தை சொல்லும். என் பேரயும் பாருங்க. பெறகு என்னையும் ஒருத்தன் வந்து திருடன்னு சொல்லக் கூடாது."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சட்டத்தைக் காட்டி ஆயிரம் கேள்வி கேட்டிருந்தாலும் இந்த மூன்று பேரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே பேசாத விஷயம் அது. அவர்களுடைய பிரட்டில் நின்று நான் என் தவறைச் சொன்னேன். அவர்களும் தங்களுடையதைச் சொன்னார்கள். இதை எந்தச் சுற்றறிக்கையிலும் நீங்கள் படிக்க முடியாது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சவரியம்மா கடைசி வரிசையிலிருந்து வந்தார். என்னைக் கடந்து நேராகப் பீல்ட் ஐயாவிடம் போனார்.

"ஐயா, நாளைலேர்ந்து எனக்கு மரம் வேணும். கைக்காசுக்குத்தான். எழுவது ஆகலையாம் எனக்கு."

அவர் அதைச் சொன்ன விதத்தில் முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சவரியம்மாவும் சிரித்தார். நான் மட்டும் அழுதேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு பெண் என்னால் மறுபடி மரத்தடிக்குப் போகிறார் என்றால் எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

பத்தொன்பது பேரையும் இரண்டு புத்தகத்தோடும் மறுபடி ஒப்பிட்டேன். அந்தோணிக்கும் இன்னொருவருக்கும், இரண்டாவது பிள்ளை என்று வைத்துப் பார்த்தாலும் எழுபது தாண்டியிருந்தது. ஒருவருக்குச் சில மாதம் குறைந்தது. அவருடையதையும் நாங்களே நிறுத்தினோம். கணக்காய்வுக்காரர்கள் வந்தபோது நாங்கள் எழுதிக் கொடுத்ததற்கு மேல் அவர்களால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றப் பதினெட்டுப் பெயரில் ஒன்றும் விழவில்லை. சவரியம்மா வாங்கிய பணத்தை அவரிடம் கேட்கக் கூடாது, என் சம்பளத்தில் பிடியுங்கள் என்று எழுதியிருந்தேன். பிடித்தார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பென்ஷன் ஐந்து மாதம் தாமதித்தது. எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்று தெரியாது. அந்தக் கடிதம் மட்டும் என் அலுமாரியில் அடையாள அட்டையோடு பத்திரமாக இருக்கிறது.

மிச்சக் கதை உங்களில் ஒருத்திக்குத் தெரியும். என் நாற்காலிக்கு வந்த தங்கச்சி இந்த வருடம் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மிஸ், மேல் டிவிசன் சவரியம்மாவுக்கு எழுபது ஆயிடுச்சு. ஃபோம் எல்லாம் ரெடி. ஆனா அந்தம்மா கையெழுத்து வைக்க மாட்டேங்குறாங்க. நீங்க வரணுமாம். அதுவும் பிரட்டுக்கு வரணுமாம்."

அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அந்த மலைப்பாதையில் போனேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன் என்பதை அவளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். பிரட்டுக் களத்தில் அதே பீல்ட் ஐயா இருந்தார். சவரியம்மா இந்தத் தடவை வேலைக்கு வந்த கோலத்தில், இடுப்பில் சாக்கும் கையில் கத்தியுமாக நின்றார். இரண்டு வருடத்தில் முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு வலித்தது.

"ரெண்டு பொஸ்தகமும் பாத்தீங்களா?"

"பாத்தோம் அக்கா. இந்தப் பிள்ளையும் பாத்துச்சு, நானும் பாத்தேன்."

"சரி. அன்னைக்கு எழுவது இல்லன்னு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்கயே நின்னு சொல்லுங்க."

நின்றேன். எனக்கு இப்போது பதவி இல்லை, முத்திரை இல்லை, வாகனம் இல்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை. சவரியம்மாவுக்கு எழுபது வயது, இரண்டு புத்தகமும் பார்த்தாகிவிட்டது என்று தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் சொன்னேன். யாரோ கை தட்டினார்கள். மாவட்டக் கூட்டத்தில் கேட்ட கை தட்டலைவிட இது எனக்குப் பெரிதாகக் கேட்டது.

சவரியம்மா கத்தியைச் சாக்கில் துடைத்து, பிடியை அந்தப் பக்கம் திருப்பி, பீல்ட் ஐயாவின் கையில் கொடுத்தார். வாளியை அவர் காலடியில் வைத்தார். பிறகு தங்கச்சி நீட்டிய படிவத்தைப் பார்த்தார். வயது என்ற கட்டத்தில் எழுபது என்று பென்சிலால் மெலிதாக எழுதியிருந்தது. அது அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

சவரியம்மா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இப்ப பேனாவுல எழுதுங்க" என்றார்.